சிப்பி, மட்டி நச்சுகளைக் கண்டறியும் ஆய்வக முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டி, கல்லுமேக்காய், ஆய்ஸ்டர், விசிறிச் சிப்பி ஆகியவை கடல்நீரை வடிகட்டி உண்பவை. நீரில் நச்சுப் பாசி பெருகினால் அந்த நச்சு இவற்றின் சதையில் சேர்ந்துவிடும். சிப்பி உயிரோடு நன்றாகவே இருக்கும், பாதிப்பு அதைத் தின்றவருக்குத்தான். 1981-இல் தமிழ்நாட்டின் வயலூரில் மட்டி தின்ற 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். நிறம், மணம், சுவை எதுவும் இந்த நச்சைக் காட்டிக்கொடுக்காது, ஆய்வகச் சோதனை ஒன்றுதான் வழி. எந்தச் சோதனையைச் செய்வது, அது எதைக் காட்டும், எதைக் காட்டாமல் விடும் என்று ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களும் ஏற்றுமதித் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எந்தெந்த நச்சுகளைத் தேட வேண்டும்? வரம்பு என்ன?

முதலில் வருவது பக்கவாத நச்சு, அதாவது சாக்ஸிடாக்சினும் அதன் உறவுச் சேர்மங்களும். நரம்புச் செல்லின் சோடியம் வாயிலை அடைத்து மூச்சை நிறுத்திவிடக்கூடியவை இவை. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் தரநிலை 292 (2008) வைத்த வரம்பு, கிலோவுக்கு 0.8 மி.கி. அடுத்தது வயிற்றுப்போக்கு நச்சு: ஓகடாயிக் அமிலமும் டைனோஃபைசிஸ்டாக்சின்களும் சேர்ந்து கிலோவுக்கு 0.16 மி.கி. அசாஸ்பிராசிடுக்கும் அதே 0.16 மி.கி.தான். ஞாபகமறதி நச்சான டோமோயிக் அமிலத்துக்கு 20 மி.கி. நரம்பு நச்சான பிரெவிடாக்சினுக்கு மட்டும் வரம்பு இன்னும் எலி அலகில் (எலியைக் கொல்லும் நச்சளவை வைத்துக் கணிக்கும் அலகு) இருக்கிறது, கிலோவுக்கு 200. ஐரோப்பிய ஒன்றியம் இவற்றோடு யெஸ்ஸோடாக்சினுக்கும் கிலோவுக்கு 3.75 மி.கி. என்று வரம்பு வைத்திருக்கிறது.

டோமோயிக் அமிலத்தின் வரம்பு ஓகடாயிக் அமிலத்தின் வரம்பைப் போல் 125 மடங்கு. அதனால்தான் முன்னதற்கு எளிய கருவியே போதுமாக இருக்கிறது, பின்னதற்கு விலையுயர்ந்த கருவி தேவைப்படுகிறது.

ஒரே சோதனையில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாதா?

முடியாது. சாக்ஸிடாக்சின் நீரில் கரைவது, அமிலத்தில் நிலைத்திருப்பது. ஓகடாயிக் அமிலம், அசாஸ்பிராசிடு, யெஸ்ஸோடாக்சின் மூன்றும் கொழுப்பில் கரையும் வகை, இவற்றை மெத்தனாலில்தான் எடுக்க வேண்டும். டோமோயிக் அமிலத்துக்கு நீரும் மெத்தனாலும் சரிபாதி கலந்த கரைசல். ஆகவே ஒரே சதைக்கூழிலிருந்து மூன்று தனித்தனிச் சாறு எடுக்க வேண்டியிருக்கிறது. "நச்சு இல்லை" என்று மட்டும் சொல்லும் அறிக்கையை ஏற்காதீர்கள். எந்தக் குழு, எந்த முறை, எவ்வளவு குறைந்த அளவு வரை அந்த முறைக்குத் தெரியும் என்ற மூன்றும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

மாதிரியை எப்படித் தயார் செய்வது?

தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது, கருவியில் அல்ல. ஓட்டின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மூடுதசையைக் கத்தியால் அறுத்துத் திறந்து, உள்ளே இருக்கும் மணல் வெளியேறும்படி மறுபடி கழுவுங்கள். சதையைக் கிழிக்காமல் எடுங்கள். சுடுநீரில் போட்டோ மயக்க மருந்து கொடுத்தோ ஓட்டைத் திறக்கக் கூடாது. எடுத்த சதையைச் சல்லடையில் 5 நிமிடம் வடியவிட்டுப் பிறகு அரைக்க வேண்டும்.

நாலைந்து சிப்பியை அரைத்து முடிவு சொல்வது ஆபத்து. ஒரே கயிற்றில் வளர்ந்த கல்லுமேக்காய்களிலேயே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நச்சளவு பல மடங்கு மாறும். 100 முதல் 150 கிராம் சதை வரும்வரை திறந்து, மொத்தத்தையும் அரைத்து, அந்தக் கூழிலிருந்து எடை போடுங்கள். கொழுப்பில் கரையும் நச்சு பெரும்பாலும் செரிமானச் சுரப்பியில், அதாவது அந்தக் கரும்பச்சைப் பகுதியில் குவிந்திருக்கும். கூழில் கரும்பச்சைத் துணுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் அரைத்தது போதவில்லை. அதிலிருந்து எடுக்கும் 2 கிராமில் அந்தத் துணுக்கு விழுந்தால் ஒரு விடை, விழாவிட்டால் வேறு விடை.

உறைந்த மாதிரி என்றால் உருகி வடியும் நீரைக் கொட்டிவிடாதீர்கள், நீரில் கரையும் நச்சு அதில் இறங்கியிருக்கும். டப்பாவில் அடைத்ததற்கும் அப்படியே, சிறிய டப்பா என்றால் சாறோடு சேர்த்து முழுவதையும் அரையுங்கள்.

எலிச் சோதனை என்றால் என்ன? எப்படிச் செய்கிறார்கள்?

பக்கவாத நச்சுக்கான எலிச் சோதனை 1930-களில் கலிஃபோர்னியாவில் பிறந்தது. பகுப்பாய்வு முறைகளைத் தரப்படுத்தும் ஏஓஏசி அமைப்பு அதை 959.08 என்ற எண்ணில் தரப்படுத்தியிருக்கிறது. 100 கிராம் கூழோடு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி. சேர்த்து, 5 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, ஆறிய பின் பிஎச் பார்க்க வேண்டும். அது 2-க்கும் 4-க்கும் இடையில் இருக்க வேண்டும், 3-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. பிறகு 200 மி.லி. ஆக்கி, தெளிந்த சாற்றில் 1 மி.லி.யை 19 முதல் 21 கிராம் எடையுள்ள எலியின் வயிற்றறையில் செலுத்தி, கடைசி மூச்சு வரை நேரம் பார்க்கிறார்கள். இறப்பு நேரம் 5 முதல் 7 நிமிடத்துக்குள் விழுந்தால் கணக்கு நம்பத்தக்கது. அதைவிடச் சீக்கிரம் இறந்தால் சாற்றை நீர்த்து மறுபடி செலுத்த வேண்டும். அட்டவணை, இறப்பு நேரத்தை எலி அலகாக மாற்றும்.

பிஎச்சைச் சரிசெய்யும்போது காரத்தைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் சொட்டு விழுந்த இடம் ஒரு நொடி காரமாகி, அங்கிருக்கும் நச்சு சிதைந்துபோகும். பிஎச் மீட்டர் கடைசியில் 3 என்றே காட்டும், ஆனால் இழந்தது இழந்ததுதான். எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. பிஎச் 2-க்குக் கீழே கொதிக்கவிட்டால், சாக்ஸிடாக்சின் குடும்பத்தில் நச்சுத்தன்மை குறைந்த சி வகைச் சேர்மங்கள் நச்சுத்தன்மை கூடிய வகையாக மாறி, சிப்பியில் இல்லாத நச்சை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

எலிச் சோதனையின் குறை என்ன? அதுதான் நச்சை நேரடியாகக் காட்டுகிறதே?

காட்டுகிறது, அதன் பலமே அதுதான். எந்தச் சேர்மம் என்று தெரியாவிட்டாலும் ஆபத்து இருக்கிறது என்று சொல்லிவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1 எலி அலகு சுமார் 0.18 மைக்ரோகிராம் சாக்ஸிடாக்சின். 1 மி.லி. சாற்றில் இருப்பது அரை கிராம் சதை. எனவே எலி உணரக்கூடிய குறைந்தபட்சம் 100 கிராமுக்கு 36 மைக்ரோகிராம், அதாவது கிலோவுக்குச் சுமார் 0.4 மி.கி. சட்ட வரம்பே 0.8 மி.கி.தான். வரம்பில் பாதிக்குக் கீழே இந்த முறைக்குக் கண்ணே இல்லை. நச்சு ஏறத் தொடங்கும் முதல் வாரத்தில் எச்சரிக்கை கிடைக்காது.

சாற்றிலுள்ள உப்பு, நச்சின் வேகத்தைக் குறைத்து, அளவைக் குறைத்துக் காட்டும். இது நீர்க்காத சாற்றில், அதாவது வரம்பை ஒட்டிய இடத்தில்தான் அதிகம் நடக்கிறது. துத்தநாகம் மிகுதியாகச் சேர்ந்த ஆய்ஸ்டரில் நச்சே இல்லாமலும் எலி இறக்கலாம்.

வயிற்றுப்போக்கு நச்சுக்கு 1978-இல் ஜப்பானில் உருவான எலிச் சோதனை இன்னும் பலவீனமானது. அசிட்டோன் சாற்றை மூன்று எலிகளுக்குச் செலுத்தி, 24 மணி நேரத்தில் இரண்டு இறந்தால் "நச்சு உண்டு" என்பார்கள். அளவு கிடைக்காது. கொழுப்பு அமிலங்களாலும் எலி இறக்கும், மனிதருக்குக் கேடு செய்ததாகப் பதிவே இல்லாத ஸ்பைரோலைடு என்ற பாசிப்பொருளாலும் சில நிமிடங்களில் இறக்கும்.

ஐரோப்பா எலிச் சோதனையை எப்போது விட்டது?

கொழுப்பில் கரையும் நச்சுகளுக்கு, ஒழுங்குமுறை 15/2011-இன்படி, 2011 ஜூலை முதல் எல்சி-எம்எஸ்/எம்எஸ் (திரவ நிறப்பிரிகையில் பிரித்து நிறைமானியில் அளக்கும் முறை) மேற்கோள் முறை ஆனது, அதாவது சர்ச்சை வந்தால் இறுதியாகக் கொள்ளும் முறை. எலிக்குக் கொடுத்த அவகாசம் 2014 டிசம்பரோடு முடிந்தது. பக்கவாத நச்சுக்கு ஒழுங்குமுறை 2017/1980, 2019 ஜனவரி முதல் ஏஓஏசி 2005.06 முறையை மேற்கோள் முறையாக்கியது. லாரன்ஸ் முறை என்று ஆய்வகங்களில் சொல்வது இதைத்தான்.

லாரன்ஸ் முறை எப்படி வேலை செய்கிறது?

சாக்ஸிடாக்சினுக்குத் தானாக ஒளிர்வு கிடையாது. ஆக்சிஜனேற்றம் செய்தால் ஒளிரும் சேர்மமாக மாறும். அதை எச்பிஎல்சியில் (உயர் அழுத்தத் திரவ நிறப்பிரிகைக் கருவியில்) பிரித்து, 340 நானோமீட்டரில் தூண்டி, 395-இல் அளக்கிறோம்.

5 கிராம் கூழோடு 1 சதவீத அசிட்டிக் அமிலம் 3 மி.லி. சேர்த்து, கொதிநீரில் 5 நிமிடம் வைத்து, ஆறவிட்டு மையவிலக்கியில் சுழற்ற வேண்டும். அடியில் தங்கியதை இன்னொரு 3 மி.லி. அமிலத்தால் மறுபடி எடுத்து, இரண்டையும் சேர்த்து 10 மி.லி. ஆக்குகிறோம். அதில் 1 மி.லி.யை சி18 கார்ட்ரிட்ஜில், அதாவது இடையூறுப் பொருள்களைப் பிடிக்கும் சிறு வடிகுழாயில், விட்டுச் சுத்தம் செய்து, பிஎச் 6.5-க்குக் கொண்டுவந்து 4 மி.லி. ஆக்க வேண்டும்.

அடுத்து இரண்டு ஆக்சிஜனேற்றங்கள். பெராக்சைடு வழியில், 10 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 25 மைக்ரோலிட்டரும் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 250 மைக்ரோலிட்டரும் கலந்து, 100 மைக்ரோலிட்டர் சாற்றைச் சேர்த்து, 2 நிமிடம் கழித்து 20 மைக்ரோலிட்டர் அடர் அசிட்டிக் அமிலத்தால் நிறுத்த வேண்டும். பெர்அயோடேட் வழியில், 100 மைக்ரோலிட்டர் சாறு, அதே அளவு நச்சில்லாத ஆய்ஸ்டர் சாறு, 500 மைக்ரோலிட்டர் பெர்அயோடேட் கரைசல், 1 நிமிடம். பிறகு 5 மைக்ரோலிட்டர் அசிட்டிக் அமிலம், 10 நிமிடக் காத்திருப்பு. சாக்ஸிடாக்சினின் உறவுகளில் நியோசாக்ஸிடாக்சின், கோனியாடாக்சின் 1, 4 போன்ற ஹைட்ராக்சில் தொகுதி கொண்டவற்றைப் பெர்அயோடேட் வெளிக்கொண்டுவரும், மற்றவற்றுக்குப் பெராக்சைடு.

நச்சில்லாத ஆய்ஸ்டர் சாறு எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். வெறும் ஸ்டாண்டர்டு (செறிவு தெரிந்த தூய நச்சு) கரைசலில் பெர்அயோடேட் வினை நடக்கும் விதம் வேறு, சதைச்சாறு இருக்கும்போது நடக்கும் விதம் வேறு. ஸ்டாண்டர்டுக்கும் மாதிரிக்கும் ஒரே சூழலைத் தருவதற்குத்தான் அது. இதை விட்டுவிட்டால், தெரிந்த செறிவுகளை வைத்துப் போடும் அளவுகோடே தவறாகிவிடும்.

ஒளிர்வு உச்சம் தெரிந்தால் நச்சு உறுதியா?

இல்லை. சிப்பிச் சாற்றில் இயல்பாகவே ஒளிரும் பொருள்கள் உண்டு. ஆக்சிஜனேற்றம் செய்யாத அதே சாற்றை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதே நேரத்தில் அதே உச்சம் வந்தால் அது நச்சு அல்ல. கூட்டம் அதிகமான நாளில் முதலில் விடுபடுவது இந்த ஓட்டம்தான், விட்டுவிடாதீர்கள்.

ஹைட்ராக்சில் வகை இருப்பது தெரிந்தால் சாற்றை அயனிமாற்றுக் கார்ட்ரிட்ஜில் மூன்று பகுதியாகப் பிரிக்க வேண்டும். நீரில் சி வகைகள் வரும், 0.05 மோலார் உப்பில் கோனியாடாக்சின்கள், 0.3 மோலாரில் சாக்ஸிடாக்சினும் நியோசாக்ஸிடாக்சினும் (சுருக்கமாக நியோ). பிரிக்காமல் கணக்குப் போட்டால், வெவ்வேறு நச்சுகள் தரும் ஒரே ஆக்சிஜனேற்ற விளைபொருள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும்.

ஏஓஏசி 2011.02 இதைவிட எளிது என்கிறார்களே?

மாதிரித் தயாரிப்பு எளிதுதான். அமிலச் சாற்றிலுள்ள புரதத்தை டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தால் வீழ்த்தி, பிஎச் திருத்தி, வடிகட்டி நேரடியாகச் செலுத்தலாம். ஆக்சிஜனேற்றம் பிரிப்புக் குழலுக்குப் பின்னால், 85 டிகிரி செல்சியஸில் சூடேற்றிய சுருளில் நடக்கிறது. நச்சு முதலில் பிரிந்து, பிறகுதான் வினைபுரிவதால் கோனியாடாக்சின் 2-ம் 3-ம் தனித்தனி உச்சமாக வரும். லாரன்ஸ் முறையில் இந்த இரண்டும் ஒரே உச்சம். கூட்டாக அளந்து, இரண்டில் பெரிய நச்சுக்காரணியால் (சாக்ஸிடாக்சினோடு ஒப்பிட்ட வலிமையைக் காட்டும் எண்) பெருக்குவதால் விடை சற்று மிகையாகும்.

ஆனால் கருவியைப் பராமரிப்பது கடினம். கூடுதல் பம்புகள், சூடான சுருள், உப்பும் அமிலமும் ஓடும் குழாய்கள். பம்பு துடித்தால் அடிக்கோடு அலையாக எழும். சி வகைகளுக்குத் தனி ஓட்டம் வேண்டும். கருவியைச் சொந்தமாகப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருக்கும் ஆய்வகத்துக்கு இது பொருந்தும். கைவேலை நேர்த்தியான ஆட்கள் இருந்து கருவி சாதாரணமானதாக இருந்தால் லாரன்ஸ் முறைதான் நல்லது.

பல நச்சுகளின் அளவை எப்படி ஒரே எண்ணாக்குவது?

ஒவ்வொன்றின் செறிவையும் அதன் நச்சுக்காரணியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் தந்த காரணிகளில் சாக்ஸிடாக்சின் 1, கோனியாடாக்சின் 2 என்பது 0.4, கோனியாடாக்சின் 3 என்பது 0.6, கோனியாடாக்சின் 5 என்பது 0.1. நியோசாக்ஸிடாக்சினுக்கு அங்கே 1, பின்னர் வந்த உலக உணவு, சுகாதார அமைப்புகளின் கூட்டறிக்கையில் 2. நியோ மிகுந்த மாதிரியில் எந்தப் பட்டியலைப் பயன்படுத்தினீர்கள் என்பதைப் பொறுத்தே தேறுவதும் தேறாததும் இருக்கும்.

இதைவிட அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. ஐரோப்பிய வரம்பு சாக்ஸிடாக்சின் டைஹைட்ரோகுளோரைடு கணக்கில் சொல்லப்பட்டது, அதன் மூலக்கூற்று எடை 372. உப்பில்லாத சாக்ஸிடாக்சினின் எடை 299. ஸ்டாண்டர்டு சான்றிதழில் எந்த வடிவத்தில் செறிவு தரப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் கணக்குப் போட்டால், கிலோவுக்கு 650 மைக்ரோகிராம் வந்து மாதிரி தேறிவிடும். 1.24-ஆல் பெருக்கினால் அது 800-ஐத் தாண்டுகிறது. தின்னக் கூடாத சரக்கு சந்தைக்குப் போக இந்த ஒரு பெருக்கல் விடுபட்டால் போதும்.

எல்சி-எம்எஸ்/எம்எஸ் முறையில் நீராற்பகுப்பு எதற்கு? அதை விட்டால் என்ன?

ஓகடாயிக் அமிலம் சிப்பிக்குள் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து எஸ்டராக மாறிவிடும். கருவி தேடும் நிறையில் எஸ்டர் தெரியாது. தின்றவரின் குடலில் எஸ்டர் உடைந்து நச்சு வெளிவரும். எடுத்துக்காட்டாக, நேரடிச் சாற்றில் 70 மைக்ரோகிராம் காட்டும் மாதிரி, நீராற்பகுப்புக்குப் பின், அதாவது காரத்தில் சூடாக்கி எஸ்டரை உடைத்த பின், 190 காட்டலாம். முதல் எண்ணை மட்டும் பார்த்தால் மாதிரி தேறும், உண்மையில் அது வரம்பைத் தாண்டியது.

ஸ்பெயினின் விகோ நகரிலுள்ள ஐரோப்பிய மேற்கோள் ஆய்வகம் ஒருங்கிணைத்த செயல்முறை இப்படி: 2 கிராம் கூழ், 9 மி.லி. மெத்தனால், 3 நிமிடம் வோர்டெக்ஸ், மையவிலக்கி. படிவை இன்னொரு 9 மி.லி. மெத்தனாலோடு அரைத்து மறுபடி எடுத்து, மொத்தம் 20 மி.லி. வரம்பான 160 மைக்ரோகிராம் இந்தச் சாற்றில் மி.லி.க்கு 16 நானோகிராமாக இருக்கும். பகுப்புக்கு, 1 மி.லி. சாற்றுக்கு 2.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 125 மைக்ரோலிட்டர், 76 டிகிரியில் 40 நிமிடம், ஆறிய பின் அதே அளவு 2.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

76 டிகிரி மெத்தனாலின் கொதிநிலையைவிட அதிகம். மூடி சற்றே தளர்ந்திருந்தாலும் மெத்தனால் ஆவியாகி, மீதமுள்ள சாறு செறிவாகி, அளவு மிகையாக வரும். சூடாக்கும் முன்பும் பின்பும் குப்பியை எடை போடுங்கள். எடை கண்ணில் படும் அளவுக்குக் குறைந்திருந்தால் அந்தக் குப்பியை விட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள்.

அசாஸ்பிராசிடையும் யெஸ்ஸோடாக்சினையும் பகுக்காத சாற்றில்தான் அளக்க வேண்டும். பகுத்த சாறு ஓகடாயிக் குடும்பத்துக்கு மட்டும். இரண்டு சாற்றையும் ஓட்டாமல் அறிக்கை முழுமையாகாது.

நிறைமானி பொய் சொல்லாது என்கிறார்களே, உண்மையா?

நிறைமானி நிறையைத்தான் சொல்லும். ஓகடாயிக் அமிலமும் டைனோஃபைசிஸ்டாக்சின் 2-ம் ஒரே நிறை, இரண்டும் 803.5-லிருந்து 255.1-க்கு உடைபவை. குழலில் நேரத்தால் பிரிந்தால்தான் தனித்தனியாகத் தெரியும். காரணி ஒன்றுக்கு 1, மற்றதற்கு 0.6. எனவே குழல் தேய்ந்து இரண்டு உச்சமும் ஒட்டிக்கொண்டால் கணக்கும் கெடும்.

அடுத்தது சதைச்சாற்றின் தாக்கம். சாற்றிலுள்ள கொழுப்பும் உப்பும் நச்சின் அயனியாக்கத்தை அமுக்கலாம், சில சமயம் கூட்டவும் செய்யலாம். கல்லுமேக்காயில் ஒரு விதம், ஆய்ஸ்டரில் வேறு விதம், பகுத்த சாற்றில் இன்னொரு விதம். வெறும் மெத்தனாலில் போட்ட அளவுகோட்டை நம்பாமல், நச்சில்லாத அதே இனத்தின் சாற்றில் ஸ்டாண்டர்டைச் சேர்த்து அளவுகோடு போடுங்கள். அப்படிப்பட்ட சாறு கிடைக்காவிட்டால் மாதிரியிலேயே தெரிந்த அளவைச் சேர்த்துப் பாருங்கள். தொகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் அளவுகோடு ஓட்டி, இரண்டு சாய்வுக்கும் 25 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தத் தொகுதியை ஏற்காதீர்கள்.

டோமோயிக் அமிலத்துக்கு எந்த முறை?

1987-இன் இறுதியில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக் கல்லுமேக்காய் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சிலர் இறந்தார்கள், பிழைத்த சிலருக்கு அண்மை நினைவு திரும்பவே இல்லை. வழக்கமான எலிச் சோதனையில் அந்தச் சாறு பக்கவாதத்தைக் காட்டவில்லை. எலிகள் பின்னங்காலால் தோளை ஓயாமல் சொறிந்தன, பிறகு வலிப்பு வந்து இறந்தன. சொறிதலைக் கவனித்துக் குறித்துவைத்ததால்தான் இது புதிய நச்சு என்று தெரிந்தது. நச்சு டோமோயிக் அமிலம் என்று சில நாட்களிலேயே அடையாளம் கண்டார்கள்.

இன்று இது எளிய சோதனை. 4 கிராம் கூழ், 50 சதவீத மெத்தனால் 16 மி.லி., அயனிமாற்றுக் கார்ட்ரிட்ஜ், எச்பிஎல்சி, 242 நானோமீட்டர் புற ஊதா உணர்வி. வரம்பில் இருக்கும் மாதிரி மி.லி.க்கு 4 மைக்ரோகிராம் தரும், சாதாரணக் கருவிக்கே தாராளம். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் பக்கத்தில் வந்து ஏமாற்றும். கார்ட்ரிட்ஜ் படியை விட்டுவிட்டு நேரடியாகச் செலுத்துபவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். அதன் மாற்றுவடிவமான எபி-டோமோயிக் அமிலத்தின் உச்சத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

எலைசா, பட்டைச் சோதனை இவற்றை நம்பலாமா?

வடிகட்டுவதற்கு நம்பலாம், தீர்ப்புக்குக் கூடாது. இரண்டும் நச்சை எதிர்ப்பொருளால் பிடிக்கும் சோதனைகள். எதிர்ப்பொருள் ஒரு வடிவத்தை அடையாளம் காண்பது, நச்சுத்தன்மையை அல்ல. சாக்ஸிடாக்சினை நன்றாகப் பிடிக்கும் எதிர்ப்பொருள் நியோவையும் கோனியாடாக்சின் 1, 4-ஐயும் மிகக் குறைவாகவே பிடிக்கும். உங்கள் கடற்பகுதிப் பாசி அந்த வகையைத் தயாரித்தால் பட்டை "இல்லை" என்று சொல்லும், சிப்பி ஆபத்தாகவே இருக்கும். உள்ளூர் நச்சுக் கலவை என்ன என்று வேதியியல் முறையால் முதலில் தெரிந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் பட்டையை வாங்குங்கள்.

ஓகடாயிக் குடும்பத்துக்கு பாஸ்ஃபடேஸ் நொதித்தடைச் சோதனை நல்ல தேர்வு. நச்சு உடலில் எந்த நொதியைத் தடுக்கிறதோ அதே நொதியைத்தான் தட்டில் வைத்து அளக்கிறோம். எஸ்டரை அதுவும் பார்க்காது, எனவே இங்கும் முதலில் பகுக்க வேண்டும். டோமோயிக் அமிலத்துக்கான எலைசா ஏஓஏசி 2006.02 ஆக ஏற்கப்பட்டிருக்கிறது. ஒரே சேர்மம் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு. பிரெவிடாக்சின் சிப்பிக்குள் பல வளர்சிதைப் பொருள்களாக உடைந்துவிடுவதால், அவற்றைக் கூட்டாகப் பிடிக்கும் எலைசா அங்கே நிறைமானியைவிட வசதி.

ஏற்பிப் பிணைப்புச் சோதனை?

ஏஓஏசி 2011.27. எலியின் மூளைச் சவ்விலுள்ள சோடியம் வாயிலில், டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய சாக்ஸிடாக்சினும் மாதிரியிலுள்ள நச்சும் இடத்துக்குப் போட்டியிடும். மாதிரியில் நச்சு கூடினால் கதிர்வீச்சு எண்ணிக்கை குறையும். எல்லா உறவுச் சேர்மங்களும் தத்தம் வலிமைக்கு ஏற்பப் போட்டியிடுவதால், கூட்டு நச்சுத்தன்மை ஒரே எண்ணாகக் கிடைக்கும், 96 குழித் தட்டில் பல மாதிரியை ஒரே நாளில் முடிக்கலாம். சர்வதேச அணுசக்தி முகமை பல வளரும் நாடுகளில் இதற்குப் பயிற்சி தந்திருக்கிறது. இடைஞ்சல், கதிரியக்கப் பொருளுக்கான உரிமமும் கழிவு மேலாண்மையும். சாக்ஸிடாக்சின் வேதி ஆயுதத் தடை உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இருப்பதால் எல்லை தாண்டி வரவழைப்பதற்குக் கட்டுப்பாடும் உண்டு. ஆர்டர் கொடுத்ததும் வந்துவிடும் என்று திட்டம் போடாதீர்கள்.

சிறிய ஆய்வகம், பணமும் ஆளும் குறைவு. எதிலிருந்து தொடங்கலாம்?

டோமோயிக் அமிலத்துக்கான புற ஊதா முறையிலிருந்து. கருவி அநேகமாக ஏற்கெனவே இருக்கும், ஆட்களுக்குக் கைப்பழக்கம் வரும். அடுத்து அதே எச்பிஎல்சிக்கு ஒளிர்வு உணர்வி வாங்கி லாரன்ஸ் முறை. நிறைமானி கடைசியில். நிறைமானியை முதலில் வாங்கி, ஸ்டாண்டர்டு வாங்கவும் வாயு நிரப்பவும் பழுது பார்க்கவும் பணமில்லாமல் துணி போர்த்தி வைப்பதைவிட, சாதாரணக் கருவியில் வாரந்தோறும் சோதனை செய்வது மக்களைக் காக்கும். நச்சளவு சான்றளித்த மேற்கோள் சதைக்கும், ஆய்வகங்களின் திறனை ஒப்பிடும் தேர்ச்சித் திட்டக் கட்டணத்துக்கும் முதல் ஆண்டிலேயே பணம் ஒதுக்குங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் தரும் உறைஉலர்த்திய கல்லுமேக்காய்ச் சதையில் பல நச்சுக் குழுக்கள் ஒன்றாக இருக்கின்றன. மாதம் ஒருமுறை அதை மற்ற மாதிரிபோல் முதலிலிருந்து ஓட்டினால் எந்தப் படியில் இழப்பு என்று தெரிந்துவிடும்.

இரண்டு முறை இரண்டு விடை தந்தால் எதை நம்புவது?

வேறுபாட்டின் காரணத்தைத் தேடுங்கள், சராசரி போடாதீர்கள். எலி அதிகமாகவும் லாரன்ஸ் குறைவாகவும் இருந்தால், உங்கள் ஸ்டாண்டர்டு பட்டியலில் இல்லாத உறவுச் சேர்மம் இருக்கலாம், ஆய்ஸ்டரானால் துத்தநாகமும் இருக்கலாம். எலி குறைவாகவும் லாரன்ஸ் அதிகமாகவும் இருந்தால் உப்பின் தாக்கத்தையும், ஒட்டிய உச்சங்களுக்குப் பெரிய காரணி போட்டதையும் பாருங்கள். பட்டை "உண்டு" என்று சொல்லி வேதியியல் முறை "இல்லை" என்றால், சாற்றின் பிஎச்சைச் சோதியுங்கள். பட்டைக்கு நீர்த்த சாறு அமிலமாகவே இருந்தால் கோடு மங்கி, இல்லாத நச்சை இருப்பதாகக் காட்டும்.

சமைத்தால் நச்சு போய்விடுமா?

போகாது. பக்கவாத நச்சுச் சோதனைகளில் சாறு எடுப்பதே கொதிக்கவைத்துத்தான். அவிக்கும்போது கொஞ்சம் நச்சு நீரில் இறங்கும், அந்த நீரில் குழம்பு வைத்தால் அதுவும் வயிற்றுக்கே போகும்.

விடை வரம்பை ஒட்டி வந்தால், உதாரணமாக 780 மைக்ரோகிராம் என்றால்?

மீதி வைத்த கூழிலிருந்து புதிதாக எடை போட்டு, முதலிலிருந்து சாறு எடுங்கள். அதே சாற்றை மறுபடி கருவியில் செலுத்துவது கருவியை மட்டும்தான் சோதிக்கும், மாதிரித் தயாரிப்பின் பிழையைக் காட்டாது. கணக்கில் டைஹைட்ரோகுளோரைடு பெருக்கலையும் காரணிப் பட்டியலையும் மறுபடி பாருங்கள். முறையின் அளவீட்டு ஐயப்பாடு 15 சதவீதம் என்றால், உண்மை 660-க்கும் 900-க்கும் நடுவே எங்கும் இருக்கலாம். அறிக்கையில் அந்த எண்ணையும் எழுதுங்கள். முந்தைய வாரம் அதே இடத்தில் 300 வந்திருந்தால் நச்சு ஏறிக்கொண்டிருக்கிறது. மாதிரி உங்களிடம் வந்த இரண்டு நாளில் கடலில் இருக்கும் மட்டி வரம்பைத் தாண்டியிருக்கும், எனவே எழுத்து அறிக்கைக்குக் காத்திராமல் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மீதிக் கூழை மைனஸ் 20 டிகிரி உறைநிலையில், பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். மூன்றாம் ஆய்வகம் சரிபார்க்கக் கேட்டால் கொடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.